ரத்தினபாய் டீச்சரும் ராத்தங்கின தண்ணீரும்

சேலையூர் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற காலனியில் இன்றைக்கும் குழாய் ஒழுகினால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பெருங்களத்தூரிலிருந்து ஒருவன் வருவான். பஸ் சார்ஜையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவான். நான் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறேன். ஏன் என்று கேட்டால், அப்பாதுரை பைப்பில் விஷம் தடவினவன் என்பார்கள். அப்படி முதலில் சொன்னவர் ரத்தினபாய் டீச்சர். அப்படி இல்லை என்று பிறகு சொன்னவரும் அவரேதான். ஜனங்கள் முதல் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவதை விட்டுவிட்டார்கள். அந்தம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இதுதான் முதலில் வாய்க்கு வருகிறது. உள்ளே வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுத முடியாது என்பதால் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ரத்தினபாய் தக்கலைப் பக்கத்துக்காரர். தாம்பரத்தில் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்துவது வேறு ஆள். பிள்ளைகள் ஆசிட்டில் கையை விடாமல் பார்த்துக்கொள்வதும், எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்று சொல்வதும் இவர் வேலை. ஆனாலும் காலனி முழுக்க அவர் டீச்சர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "மாப்பிள்ளையைச் சோதிச்சுப் பாக்க விட மாட்டேன்னுட்டாங்க" என்பாராம். இதை எனக்குச் சொன்னவள் என் சம்சாரம் கன்னியம்மா. அவள் அதை நிஜம் என்றே நம்பினாள்.

நம்பக்கூடிய பேச்சுதான். அந்தம்மா எதையும் சோதிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டார். காபித்தூளைத் தண்ணீரில் தூவி, எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்த்த பிறகுதான் செட்டியார் கடைக்குக் காசு போகும். மஞ்சளைப் பொடியாக வாங்கமாட்டார், கிழங்காக வாங்கி இடிப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் விழுந்த கேசரியைச் சுண்டுவிரலால் தொட்டு, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, கறை போகிறதா என்று பார்ப்பார். நான் ஒரு தடவை கேட்டேன்.

"எதையுமே நம்ப மாட்டீங்களா டீச்சரம்மா?"

"நம்பிக்கையெல்லாம் கோயிலோட சரி, அப்பாதுரை. வாசல் தாண்டிட்டா சோதிச்சுத்தான் பாக்கணும்."

இந்தக் குணத்தால் அவருக்கு ஒரு விரோதி இருந்தாள். மூன்றாம் வரிசைக் கடைசி வீட்டு ஞானம்மாள். காலனிக்கு நிலம் விற்ற குடும்பம், அதனால் அவர்களுக்கும் ஒரு மனை, ஒரு குழாய். எருமை வைத்துக் காலனிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு காலை நேரத்தில், நாலு பெண்கள் நிற்கும்போதே, பால்காரர்களைப் பிடிக்கிற கண்ணாடி மிதவையை அவள் பாத்திரத்தில் விட்டார். விட்டுப் பார்த்துவிட்டு, "ஞானம்மா, இதுல எருமையும் இருக்கு, கிணறும் இருக்கு" என்றார். அன்றைக்குப் பிறகு டீச்சர் தெருவில் வந்தால் ஞானம்மாள் எருமையோடு பேச ஆரம்பித்துவிடுவாள். "இன்னாம்மா லட்சுமி, நல்லா கீறியா? சில பேரு மாதிரி மூஞ்சிய தூக்கி வெச்சுக்காம" என்று சத்தமாகக் கேட்பாள். எருமை ஒன்றும் சொல்லாது, டீச்சரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

நான் அந்தக் காலனிக்குள் வந்தது எழுபத்திரண்டில். பொதுக்கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, டாங்க் கட்டி, வீட்டுக்கு வீடு குழாய் போடுகிற வேலை. ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு அதுவரை கிடைத்த வேலையில் அதுதான் பெரியது. காலனிக்குச் செகரட்டரி சுவிசேஷமுத்து சார், ஆபீஸ் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். இரும்பு பைப் அப்போது சுலபத்தில் கிடைக்காது. எழுதிப் போட்டுவிட்டு எத்தனை மாதம் காத்திருப்பது என்று அவரே போய் ஒரு லாரி நிறையச் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் பைப் கொண்டுவந்து இறக்கினார். எந்தக் கம்பெனி சார் என்று கேட்டேன்.

"நமக்கு வேண்டப்பட்டவங்க. நீ மாட்டற வேலையைப் பாரு."

அந்த பைப்பை நான் முதல் நாளே நம்பவில்லை. தோளில் வைத்தால் எடை தெரியவில்லை. எடை இல்லாத சாமானும், கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத மனுஷனும் எனக்கு ஒன்று. ஆனால் வேலை வேண்டும். பைப்புக்கு பைப் அவர்கள் கொடுத்த கோந்தைப் போட்டு ஒட்டினேன், அதன் வாடையே தலையைச் சுற்றும். வீட்டு வாசலில் குழாய் திருகுகிற இடம் மட்டும் இரும்பு. அங்கே மரையில் சணலைச் சுற்றி, சபேதா என்கிற வெள்ளைப் பசையைத் தடவி முறுக்குவோம். சபேதா என்றால் காரீயத்திலிருந்து எடுக்கிற வெள்ளைத் தூள், எண்ணெயில் குழைத்தது. ஃபிட்டர்கள் எல்லோரும் போட்டதுதான். அது இல்லாமல் மரை கசியும். ஞானம்மாள் வீட்டு மரை எத்தனை தரம் முறுக்கியும் கசிந்தது, அதனால் அங்கே பசையைக் கொஞ்சம் கனமாகவே அப்பினேன்.

பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோதே டீச்சர் வந்து நின்றார். ஒரு துண்டு பைப்பை எடுத்து முகர்ந்தார். தீக்குச்சி கிழித்து அதன் ஓரத்தில் வைத்தார். செகரட்டரியைப் பார்த்து, "இதை மிஷின்ல உருக்கி ஊத்தும்போது கருகாம இருக்க என்னமோ சேத்திருக்கணுமே சார். என்ன சேத்தாங்க?" என்றார்.

"இது ஃபாரின் டெக்னாலஜி, டீச்சர்."

"ஃபாரின்லதான் காரீய உப்பு சேக்குறாங்கன்னு படிச்சேன். அது தண்ணியில இறங்குமாம்."

காரீயம் குழந்தைகள் உடம்பில் சேர்ந்தால் இரத்தத்தையும் மூளையையும் மெதுவாகக் கெடுக்கும் என்று அங்கே நின்ற பெண்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிடுகிறோம், யாருக்கு மூளை கெட்டது என்றார்கள். "அது வெள்ளீயம்மா, இது காரீயம்" என்று டீச்சர் விளக்கினார். இரண்டும் ஈயம்தானே என்று சொல்லிக்கொண்டே கலைந்து போனார்கள்.

குழாயில் தண்ணீர் வந்து கொஞ்ச நாள் ஆனதும் ஒவ்வொரு வீட்டுக்கும் டீச்சர் ஒரு பாட்டில் கொடுத்தார். லேபில் ஆசிட் போட்டுக் கழுவின பாட்டில். "இதைக் கழுவாதீங்க. காலைல குழாய்த் தண்ணியைப் பிடிச்சு மூடிக் குடுத்திடுங்க" என்றார். அத்தனை பேரும் கழுவினார்கள். புளி போட்டுத் தேய்த்த வீடும் உண்டு. காலேஜ் டீச்சருக்குக் கொடுக்கிற பாட்டிலை எவள் கழுவாமல் கொடுப்பாள்? டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பாட்டில் கொடுத்து, மறுபடி வாங்கினார்.

சோதித்ததில் ஞானம்மாள் வீட்டுத் தண்ணீரில் மட்டும் காரீயம் இருந்தது. மற்ற வீடுகளில் ஒன்றும் இல்லை.

டாங்குக்குக் கீழே கூட்டம் போட்டார்கள். டீச்சர் எழுந்து, இருக்கிறதை இருக்கிறபடி சொன்னார். "ஒரு வீட்டுல காரீயம் வருது. பைப் எல்லா வீட்டுக்கும் ஒரே பைப்தான். அந்த வீட்டுல மத்த வீட்டைவிட அதிகமா இருக்கிறது அப்பாதுரை வெச்ச வெள்ளைப் பசை. அதுல காரீயம் உண்டு." அவ்வளவுதான் சொன்னார். மேற்கொண்டு சோதிக்கணும் என்று அவர் சொல்ல வருவதற்குள் செகரட்டரி எழுந்துவிட்டார்.

"எல்லாரும் கேட்டீங்களா? பைப் க்ளீன். மிஸ்டேக் ஃபிட்டர் மேல."

நாலாம் வரிசை வேலை அன்றைக்கே என் கையை விட்டுப் போயிற்று. அது போனால் போகட்டும். மறுநாள் மாடம்பாக்கம் ரோட்டில் டீக்கடையில் நிற்கிறேன், பக்கத்தில் இருந்தவன் தன் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். எங்கள் தொழிலில் பெயர் போனால் திருகுகிற ஸ்பேனரை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். தண்ணீரில் கை வைக்கிறவன் மேல் அந்தச் சந்தேகம் மட்டும் வரக்கூடாது.

வீட்டில் கன்னியம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "இன்னாய்யா, அந்தம்மா உன்னிய மாட்டி வுட்டுட்டாங்க. செகரட்டரி கையில இன்னா வாங்கினாங்களோ?"

"அவங்க வாங்க மாட்டாங்க."

"பின்ன ஏன் சொன்னாங்க?"

"அதான் பேஜாரா கீது. வாங்கிக்கினு சொல்லியிருந்தா போய் சண்ட போடலாம்."

ஆனாலும் எனக்குள் சந்தேகம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செகரட்டரிக்கு வேண்டப்பட்ட கம்பெனியைக் காப்பாற்ற ஒரு ஆள் தேவை, அந்த ஆளாக நான் கிடைத்தேன். டீச்சர் அதற்கு உடந்தையா, இல்லை அவரையும் ஏமாற்றுகிறார்களா? நேராகக் காலேஜுக்கே போனேன். லேப் வாசலில் நின்று, "என் கண்ணால பாக்கணும்" என்றேன்.

"வாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் கேப்பேன்" என்றார்.

உள்ளே ஒரு மேஜை. தலைமுடி நுழையாத ஓட்டையுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று தொங்குகிறது. மேலே பாதரசம். கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஞானம்மாள் வீட்டுத் தண்ணீர். ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை ரசம் சுண்டுகிற மாதிரி சுண்டவைத்து ஒரு மடக்கு ஆக்கியிருந்தார். பாதரசம் அதற்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஏதோ கேஸை விட்டு, அதில் கரைந்திருந்த காற்றை முதலில் ஓட்டினார். ஜன்னலைச் சாத்தினார். எதிரே ஸ்கேல் பலகையில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

"இந்தக் குமிழைத் திருகினா தண்ணிக்குள்ள கரண்ட் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு இடம் உண்டு. அந்த இடம் வந்தா அது கரண்டைக் கடத்தும், புள்ளி எகிறும். அந்த உலோகம் இல்லைன்னா புள்ளி சும்மா இருக்கும்."

திருகினார். ஒவ்வொரு சொட்டுக்கும் புள்ளி தூங்குகிறவன் வயிறு மாதிரி ஏறி இறங்கியது. ஒரு இடம் வந்ததும் அப்படியே மேலே போய் அங்கேயே நின்று ஆடியது. "இது காரீயம்" என்றார். கிண்ணத்தைக் கழுவி, தன் வீட்டுத் தண்ணீரைச் சுண்டவைத்ததை ஊற்றித் திருகினார். அதே இடத்தில் புள்ளி எகிறவில்லை.

"நீங்க திரும்பி நில்லுங்க" என்றேன். "நான் ஊத்தறேன். எது எவங்க வூட்டு தண்ணின்னு நீங்க பாக்கக் கூடாது."

உடனே திரும்பி நின்றார். நான் மாற்றி மாற்றி ஊற்றினேன். ஒரே வீட்டுத் தண்ணீரை அடுத்தடுத்து இரண்டு தடவை ஊற்றியும் பார்த்தேன். அவர் திரும்பி வந்து திருகிவிட்டு ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார். மேஜைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். ஒயர்கள்தான் இருந்தன.

சரி, தண்ணீரில் காரீயம் இருக்கிறது. என் பசையிலிருந்துதானா? ஞானம்மாள் வீட்டு மரையைக் கழற்றி, பசையைச் சுரண்டி எடுத்து, இரும்புத் துண்டையே புதிதாக மாற்றி, வெறும் நூலும் தேன்மெழுகும் வைத்து முறுக்கினேன். கொஞ்சம் கசிந்தது, கசியட்டும் என்று விட்டேன். இரண்டு வாரம் கழித்து டீச்சர் மறுபடி பாட்டில் அனுப்பி வாங்கினார். புள்ளி மறுபடியும் எகிறியது.

"பாத்தீங்களா? பசையே இல்ல" என்றேன்.

"நீங்க எடுத்துட்டீங்கன்னு நீங்க சொல்றீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரே தொடர்ந்தார். "இல்லைன்னா ஞானம்மா பாட்டில்ல எதையாவது போட்டிருக்கணும். அவளுக்கு என்மேல ஆகாது."

இதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சந்தேகப்பட ஒரு ஆள் கிடைத்தாள்.

விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றோம். ஞானம்மாள் சாணிக் கூடையோடு வந்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் ஜோடியா வந்துகீறீங்க? எருமைய எண்ணிப் பாக்கவா?"

"நீ தண்ணி பிடிக்கிறதைப் பாக்கணும், ஞானம்மா."

"பால்ல தண்ணி கீதான்னு பாத்தாச்சு. இப்ப தண்ணில இன்னா கீதுன்னு பாக்கப் போறீங்க, பாலா?"

கையைக் கழுவிவிட்டு டீச்சரிடமிருந்து பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். குழாயைத் திறந்தாள், பாட்டிலை நேராக அதன் வாயில் வைத்தாள், நிரப்பினாள், மூடினாள், கொடுத்தாள். கையில் ஒரு பொடி, ஒரு பொட்டலம் ஒன்றும் இல்லை. நான் அவள் நகத்தைக்கூடப் பார்த்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் திரிபுரசுந்தரி என்கிற அம்மா தங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தார். ஒரு வாளி நிறையப் பிடித்து வாழைக்கு ஊற்றினார். இன்னொரு வாளி பிடித்து வாசலில் தெளித்தார். பிறகுதான் குடத்தைத் தேய்த்துக் கழுவி வைத்தார். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவங்க ஏன் முதல் தண்ணியைக் கீழ விடுறாங்க?"

"ராவெல்லாம் பைப்புல கெடந்த தண்ணி டீச்சர் அது" என்றாள் ஞானம்மாள். "ராத்தங்கின தண்ணிய எவளாச்சும் குடத்துல புடிப்பாளா? செடிக்கு வுட்டுட்டு அப்பால வர்ற நல்ல தண்ணியத்தான் புடிப்பாங்க. மொகம் தெரிஞ்சவங்களுக்கு அதான் குடுப்பாங்க."

"நீ அப்படி விடலையே."

"உங்களுக்குத்தானே? உங்களுக்கு இது போதும்னு குடுத்தேன். என் பாலைச் சந்தேகப்பட்டவங்களுக்கு நான் எதுக்கு நல்ல தண்ணி புடிச்சு வைக்கணும்?"

டீச்சர் அப்படியே துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் எனக்கும் உறைத்தது. காலனி முழுக்க டீச்சருக்கு மரியாதை செய்திருந்தது. பைப்பில் ராத்திரி முழுக்கக் கிடந்து ஊறின தண்ணீரை வாழைக்கு விட்டுவிட்டு, டாங்கிலிருந்து புதிதாக இறங்கின தண்ணீரைப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். கெட்டது எதுவோ அது வாழைக்குப் போயிற்று. டீச்சர் வீட்டிலும் அதே பழக்கம்தான், அவரும் முதல் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் பாட்டிலில் பிடித்திருக்கிறார்.

"ஞானம்மா" என்றார். "இந்தக் காலனியிலயே நீ ஒருத்திதான் எனக்குச் சரியான தண்ணி குடுத்திருக்கே."

ஞானம்மாள் என்னைப் பார்த்தாள். "இது திட்டா, பாராட்டா அண்ணே?"

அதன் பிறகு அந்தம்மா செய்ததுதான் எனக்கு அவர்மேல் இருந்த சந்தேகத்தைப் பாதி தீர்த்தது. நான் மிச்சப்பட்டுக் கிடந்த பிளாஸ்டிக் பைப் ஒன்றையும், பசை போட்டு முறுக்கின இரும்பு பைப் ஒன்றையும் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக்கில் எந்த மூட்டும் இல்லை, பசையும் இல்லை. இரண்டிலும் கிணற்றிலிருந்து நேராக இறைத்த தண்ணீரை ஊற்றித் தக்கை அடித்தோம். எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. என் வீட்டில் வைத்தால் நான் ஏதோ செய்தேன் என்பார்கள், டீச்சர் வீட்டில் வைத்தால் டீச்சர் செய்தார் என்பார்கள்.

"ஞானம்மா மாட்டுக் கொட்டகையில வைப்போம். அவளுக்கு என்னையும் பிடிக்காது, செகரட்டரியையும் பிடிக்காது" என்றார் டீச்சர்.

"என்னியயும் புடிக்காது" என்றேன், கசிகிற குழாய் நினைவுக்கு வந்து.

"அப்ப ரொம்ப நல்லது."

ஞானம்மாள் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் அவளே இரண்டு பைப்பையும் தூக்கிக்கொண்டு காலேஜ் கேட் வரைக்கும் வந்தாள். வாட்ச்மேன் விடமாட்டேன் என்றான், அவனோடு சண்டை போட்டு லேபுக்கு உள்ளேயே வந்துவிட்டாள். மூன்று பேரும் அந்தப் புள்ளியைப் பார்த்தோம். பிளாஸ்டிக் பைப்புத் தண்ணீருக்கு அது எகிறின எகிறலில் ஞானம்மாள் ஒரு அடி பின்னால் போனாள். இரும்பு பைப்புத் தண்ணீருக்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

"உங்க பசையிலயும் கொஞ்சம் வருது, அப்பாதுரை. ஆனா அந்தப் பைப்புக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல."

"அத்த சொல்லாம வுட்டா இன்னா டீச்சரம்மா?"

"விட்டா நான் செகரட்டரி ஆயிடுவேன்."

இரண்டாவது கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, போன தடவை தான் எடுத்த தண்ணீரே தப்பான தண்ணீர் என்றார். அப்பாதுரை மேல் போட்ட பழி தப்பு, பைப்தான் காரணம் என்றார். பசையிலும் கொஞ்சம் இருக்கிறது, இனி அதையும் போடவேண்டாம் என்றார். செகரட்டரி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"போன கூட்டத்துல பைப் க்ளீன்னு சொன்னவங்க இவங்கதான். இப்ப பைப் பாய்சன்னு சொல்றாங்க. அடுத்த கூட்டத்துல என்ன சொல்வாங்க? இவங்க ப்ரொபசர்கூட இல்ல, டெமான்ஸ்ட்ரேட்டர்."

"தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கிறதுதான் சார் சோதனை" என்றார் டீச்சர். யாரும் கேட்கவில்லை. ஞானம்மாள் மட்டும், "பூட்டு என்னுது, சாவி என்னுது, நான் பாத்தேன்" என்று கத்தினாள். பால்காரி சாட்சியை யார் எடுப்பார்கள்? டீச்சரும் ஃபிட்டரும் ஒன்றாகச் சுற்றுகிறார்களே, என்ன விஷயம் என்று பின்வரிசையில் பேச்சு கிளம்பியது. கடைசியில் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது ஒன்றுதான். பசையிலும் இருக்கிறது என்று டீச்சரே சொன்னாரே.

பைப்பை யாரும் மாற்றவில்லை. ஆனால் அந்தக் காலனியில் காலையில் குழாயைத் திறந்து முன்னைவிட வெகுநேரம் ஓடவிட்டுத்தான் இன்றைக்கும் குடம் வைக்கிறார்கள். டீச்சர் பேச்சை நம்பவில்லை என்பார்கள், நம்பாமலே செய்கிறார்கள்.

டீச்சர் அதோடு விடவில்லை. காலனிக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் அவர்களிடம் போய், அப்பாதுரை பற்றி உங்களிடம் ஒன்று சொல்வார்கள், அது நான் செய்த தப்பு, நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவார். இதனால் என்னைப் பற்றிக் கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள். வேண்டாம் டீச்சரம்மா, விட்டுடுங்க என்று நானே கெஞ்சியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. சில ஞாயிறுகளில் கோயில் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவார். கன்னியம்மா வைத்த மீன் குழம்பை முகராமல், விரலில் தொட்டுப் பார்க்காமல் சாப்பிடுவார். ஏன் அதை மட்டும் சோதிக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. கன்னியம்மா அதைத் தன் குழம்புக்குக் கிடைத்த மரியாதை என்கிறாள்.

எழுபத்தொன்பதில் அவர் ரிட்டையர் ஆனார். அண்ணன் வீட்டோடு போய் இருப்பதாகச் சொன்னார். கட்டிலைக் கழற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். கட்டி முடித்தேன். சாயங்காலம் ரயில். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"மாடம்பாக்கம் போற வழியில அந்தச் சின்னப் பள்ளிக்கூடம் இருக்கில்ல, அங்கயும் அதே சாம்பல் பைப் போட்டிருக்காங்க, அப்பாதுரை."

"தெரியும். பெருங்களத்தூர்க்காரன் போட்டான்."

"திங்கட்கிழமை காலைல போய்த் தண்ணி எடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடின குழாய். ரெண்டு நாள் முழுசா உள்ளயே கிடந்த தண்ணி. புள்ளி ஸ்கேலை விட்டே வெளிய போயிடுச்சு. பிள்ளைங்க வந்ததும் வராததுமா அந்தக் குழாயிலதான் வாயை வைக்குது. ஹெட்மாஸ்டர் தேவானந்தத்துக்கிட்ட சொன்னேன். கமிட்டியில வெச்சு அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு."

"அப்புறம்?"

"பைப்பை மாத்தற வரைக்கும் திங்கட்கிழமை பெல் அடிக்கிறதுக்கு முன்னால யாராவது போய் அந்தக் குழாயைத் திறந்து விடணும். பழைய தண்ணி எல்லாம் ஓடுற வரைக்கும் நிக்கணும். நான் ரெண்டு மாசமா போய்கிட்டிருந்தேன். இனிமே முடியாது."

அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாரா வாரம் நான், அப்பாதுரை, ஒரு பள்ளிக்கூடத்துக் குழாயடியில் போய் நிற்பது.

"டீச்சரம்மா, பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க தெரியுமா? காலனியில கலக்கினது போதாதுன்னு இப்ப பசங்க தண்ணில கலக்கறான்னு சொல்வாங்க. கொஞ்ச நஞ்சம் இருக்கிற பேரும் போயிடும். அங்க எவனும் உங்கள கேக்க மாட்டான், என்னியதான் கேப்பான்."

"நினைப்பாங்க" என்றார். இல்லை என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லவில்லை. "வேற யாரைக் கேக்கலாம்னு ஒவ்வொருத்தரா யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு வாரம் போவாங்க, மூணாவது வாரம் போனேன்னு பொய் சொல்லுவாங்க. உங்க மேல எனக்கு அந்தச் சந்தேகம் வரல."

கட்டில் கயிற்றை இன்னொரு தரம் இழுத்து முடிச்சுப் போட்டேன். வாசலில் டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான். டீச்சர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல் வரை வந்து, திரும்பி நின்று சொன்னார்.

"போகும்போது வாளி, பாட்டில், பை எதுவும் எடுத்துக்காதீங்க. வெறுங்கையோட போங்க. ரெண்டு கையும் வெளிய தெரியற மாதிரி நடங்க."